வாசல் விளக்குக்கு யாரும் சொல்லவில்லை

எரியவில்லை. இன்றைக்கும் எரியவில்லை. பொழுது சாய்ந்ததும் தானாக எரிய வேண்டிய விளக்கு, கேட்டின் இரண்டு தூண்களின் மேலும் வெறும் கண்ணாடியாக உட்கார்ந்திருக்கிறது. செல்போனில் அதன் படத்தைத் தட்டிப் பார்க்கிறேன். சாம்பல் நிறம். கீழே, சாதனம் இணைப்பில் இல்லை என்று ஒரு வரி. இணைப்பில் இல்லையாம். இதோ, கையை நீட்டினால் தொட்டுவிடலாம், இங்கேதானே இருக்கிறாய், இணைப்பில் இல்லாமல் எந்த ஊருக்குப் போய்விட்டாய்? ஆனி மாதத்துக் காற்று முந்தானையை இழுத்து முகத்தில் போடுகிறது. மேற்கே இன்னும் கொஞ்சம் சிவப்பு பாக்கி இருக்கிறது. அது போவதற்குள் இது எரிந்தாக வேண்டும். கோயில் மைதானத்தில் கும்மி முடிந்து, எல்லோரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் பேசி நின்று, அப்புறம் என் வீட்டுக்காரர் கிளம்பி, பால் சொசைட்டியைத் தாண்டி, எங்கள் தெருமுனைக்கு வருவார். அதுவரைக்கும் கடை வெளிச்சம் உண்டு. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. குழாய் பதிக்கிறோம் என்று தெருவை நீளமாகத் தோண்டி, விளக்குக் கம்பத்தையும் பிடுங்கிக் காலி மனையில் படுக்க வைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மண்மேடு, நடுவில் ஒரு ஆள் நடக்கிற தடம், எங்கள் வாசலுக்கு ஏற அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு பலகை. கண் நன்றாக இருப்பவர்களே நிதானித்துத்தான் அதில் காலை வைக்கிறார்கள். அவருக்கு இருட்டில் தெரியாது. கொஞ்சம் மங்கல் என்பதல்ல, தெரியவே தெரியாது. பகலில் பேப்பரின் பொடி எழுத்து வரைக்கும் படிப்பார். மைதானத்தின் பெரிய லைட்டுக்குக் கீழே வட்டத்தில் நின்று அடி பிசகாமல் ஆடுவார். வெளிச்சம் போய்விட்டால் தலையோடு கம்பளியைப் போர்த்தின மாதிரி ஆகிவிடும். கண்ணுக்குள்ளே இருக்கிற திரை ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டு வருகிறது, மாத்திரையில் போகிற மாலைக்கண் இல்லை இது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, “அப்ப பில்லக் கட்டீரலாமுங்ளா?” என்று எழுந்துகொண்டவர் அவர். ஆனால் தூரத்தில் ஒரு வெளிச்சம் இருந்தால் போதும், அதைப் பார்த்துக்கொண்டே கோடு போட்ட மாதிரி நேராக நடந்து வந்துவிடுவார். அந்த வெளிச்சம்தான் இது, இந்த இரண்டு கண்ணாடியும்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு முனையில் போய் நிற்கலாம். நிற்கலாம்தான். மத்தியானம் சாப்பிடும்போதே அதற்கும் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். “நீ டார்ச்சத் தூக்கீட்டு மொனைக்கு வந்தீன்னா, நாளைல இருந்து நான் ஊட்டை உட்டு எறங்க மாட்டேன், பாத்துக்க.” குழந்தைவேல் சொன்னால் சொன்னதுதான். பேர்தான் குழந்தை, பிடிவாதம் எருமைக்கடா. மில்லில் ராத்திரி ஷிப்டு மேஸ்திரியாக இருந்த மனுஷன், அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கின மனுஷன், பெண்டாட்டி டார்ச் அடிக்க அடிக்க ஊர் பார்க்க நடந்து வரவேண்டுமா என்று அவருக்கு. எனக்கு அது புரியாமல் இல்லை. புரிவதால்தான் இங்கே நின்று இந்த அடங்காத விளக்கோடு மல்லுக்கட்டுகிறேன். போன மாதம் அந்தப் பள்ளத்தில் விழுந்தார். இடுப்பு வரைக்கும் சேறு. தூக்கி விட்டவர்களிடம் சிரித்துப் பேசி, குளித்து, நாலு தோசை சாப்பிட்டார். அடுத்த நாள் முழங்கால் வலி என்றார், கும்மிக்குப் போகவில்லை. முழங்கால் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது, வாயிலிருந்த வலி போகவில்லை. சாயங்காலம் ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். செய்தி ஓடும், பார்க்கிறாரா என்று தெரியாது. விரல் மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். அந்த விரலைப் பார்க்கத்தான் எனக்கு ஆகாது. வேறு எதையாவது பார்ப்பேன், காலண்டரை, பல்லியை. வள்ளி கும்மி படிக்கப் போகிறேன் என்று ரிடையரான கையோடு அவர் சேர்ந்தபோது நான் செய்யாத கேலி இல்லை. இந்த வயசில் வள்ளியைத் தேடிப் போகிறீர்களா என்று கேட்டேன். ஆத்தா, அந்தக் கேலியை எல்லாம் திரும்ப வாயில் போட்டு விழுங்கிவிடுகிறேன், மனுஷன் மறுபடி போனால் போதும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் காலையில் அவராகவே பீரோவைத் திறந்து அந்த மஞ்சள் டீ சர்ட்டை எடுத்து, “இது தேய்ச்சு வெச்சதுதான?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டேன். செருப்பு மாட்டும்போது கேட்டார். “லைட்டு எரியுமில்ல?” எரியுமுங்க என்றேன். நேற்றும் முந்தாநாளும் எரியவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் டிவி முன்னால் இருந்ததால் அவருக்குத் தெரியாது. காற்றில் ஏதோ ஆகியிருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். எத்தனையோ தானாகச் சரியாகியிருக்கிறது, இது ஆகவில்லை.

சுவிட்சைப் போட்டால் எரிகிற சாதாரண பல்பாக இருந்தால் இந்தப் பாடு இல்லை. சுவிட்ச் உள்ளே இருக்கிறது, போட்டுத்தான் இருக்கிறது, அணைத்து மறுபடி போட்டும் பார்த்தாயிற்று, ஒரு தடவைக்கு ஒன்பது தடவை. கரண்ட் போனதும் தூண்மேல் ஒரு பொட்டுச் சிவப்பு அணைகிறது, வந்ததும் மறுபடி கண்ணைச் சிமிட்டுகிறது, அவ்வளவுதான். அவர் விழுந்த செய்தி கேட்டு மருமகன் பிரதீப் புனேயிலிருந்து வந்து மாட்டிவிட்டுப் போனது இது. நல்ல பிள்ளை, குறை சொல்லக் கூடாது. ஏணியில் ஏறி நின்றுகொண்டு, “அத்தை, இங்க கரண்டு அடிக்கடி போய் வருதில்லீங்ளா, ஒவ்வொரு தடவையும் பட்டப்பகல்ல எரிஞ்சுட்டு நிக்கும், அதனால போன்ல இருந்து ஆர்டர் வந்தாத்தான் எரியற மாதிரி வெச்சுட்டேன்” என்றான். எவ்வளவு யோசனை, எவ்வளவு சிக்கனம் என்று நானும் மெச்சினேன். இப்போது ஆர்டர் போய்ச் சேரவில்லை, கரண்ட் இருந்தும் விளக்கு சும்மா நிற்கிறது. இவனைக் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று ஒரு குறுஞ்செய்தி தானாக வருகிறது. மகளைக் கூப்பிட்டால், “எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா, அவர் எட்டு மணிக்குத்தான் வெளிய வருவாரு, அப்பா எங்க?” என்கிறாள். அப்பா எங்கே என்று இவளிடம் சொன்னால், இவள் அங்கேயிருந்து பதறி, அவருக்கே போன் போட்டு, நீங்க ஏன்ப்பா போனீங்க என்று ஆரம்பிப்பாள், ஆரம்பித்தால் முடிந்தது கதை. “உள்ளதான் இருக்கறாரு கண்ணு” என்று வைத்துவிட்டேன். இன்றைக்கு எத்தனை பேருக்கு எத்தனை பொய். அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து எடுத்து, அதில் போட்டிருந்த கம்பெனி நம்பருக்குப் போன் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும். அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மதில்மேல் போனை வைத்துக் காத்திருந்தேன். சங்கீதம் போடுகிறார்கள். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். காதில் மாட்டிக்கொண்டு கயிறு மாற்றிச் சொருகி ஊரையெல்லாம் பேச வைத்தவள். அந்தக் காலத்தில் காத்திருப்பவருக்கு நாங்கள் சங்கீதம் போட்டதில்லை. லைன் கிடைக்கலீங்க, இருங்க, மறுபடி பாக்கறேன் என்று மனுஷக் குரலில் சொல்லுவோம். கொசு காலைச் சுற்றுகிறது. தோண்டின மண்ணின் ஈர வாசனை, காற்றில் விட்டு விட்டு மைதானத்து மைக். வாத்தியார் பாடுகிறார், வட்டம் திரும்பப் பாடுகிறது, காற்று திசை மாறினால் இரண்டும் போய்விடுகிறது. பாட்டு கேட்கிறவரைக்கும் பயமில்லை. பாட்டு கேட்கிறவரைக்கும் அவர் வெளிச்சத்தில் இருக்கிறார்.

கடைசியில் ஒரு பெண் பேசினாள், சின்னக் குரல். விளக்கில் சிவப்பு மெதுவாகச் சிமிட்டுகிறதா, வேகமாகவா என்று கேட்டாள். மெதுவாகத்தான் என்றேன். அப்படின்னா லைட் நல்லா இருக்கு மேடம், உங்க வைஃபையத்தான் தேடிட்டு இருக்கு என்றாள். நல்ல சேதிதானே. தேடுகிறது. செத்துப் போகவில்லை, தேடுகிறது. நெட் வருதா மேடம் உங்க வீட்ல என்றாள். வருகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது பார்த்தா மதிலுக்கு அந்தப் பக்கம் கோகிலவாணி துணி எடுக்க வர வேண்டும்? பக்கத்து வீட்டுக் கோகிலவாணி, வயசில் என் தங்கை மாதிரி, கொடியிலிருந்து ஒவ்வொரு துணியாக உருவித் தோளில் போட்டுக்கொண்டு, காதை முழுக்க இங்கே வைத்துக்கொண்டு நிற்கிறாள். “அது... வந்து வந்து போவுதுங்க” என்றேன். அந்தப் பெண் விடவில்லை. “ரௌட்டர்ல பாஸ்வேர்ட் எதாவது ரீசன்ட்டா மாத்தினீங்களா மேடம்?” ஸ்பீக்கரில், தெருவுக்கே கேட்கிற மாதிரி. கோகிலா கையில் ஒரு பாவாடையோடு அப்படியே நின்றாள். “இல்லைங்க! நாங்க எதுக்கு மாத்தறோம்? ஒண்ணும் மாத்துலீங்க!” அந்த வேகத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பாக வருகிறது, யாரும் கேட்காததை அவ்வளவு அழுத்திச் சொன்னேன். அப்படீங்களா மேடம் என்று அந்தப் பெண் பாவம் வேறு பக்கம் திரும்பிவிட்டாள். சுவிட்சை ஐந்து தடவை அணைத்துப் போடச் சொன்னாள், ஆப்பில் புதிதாகச் சேர்க்கச் சொன்னாள். சேர்க்கப் போனால், வீட்டு உரிமையாளரின் அனுமதி தேவை என்று வருகிறது. இந்த வீட்டுக்கு உரிமையாளர் யாராம்? பிரதீப்பாம். பத்திரம் என் பேரில், கடன் அடைத்தது அவர் பென்ஷனில், அனுமதி தரவேண்டியவன் புனேயில் மீட்டிங்கில் இருக்கிறான். புகாராகப் பதிந்துகொள்கிறோம், ஆள் வருவார்கள், நாற்பத்தெட்டு மணி நேரம் என்றாள். நன்றி என்று வைத்தேன். கோகிலா மதில் மேலாக எட்டி, “ஏனுங்க்கா, இன்னும் உங்குளுக்கு நெட்டு வரலீங்ளா? என்ற தம்பிகிட்டச் சொல்லீருக்கறேன், நாளைக்கு வந்து பாக்கறேன்னான். பாவம், நீங்க எத்தன நாளைக்குத்தான் சிரமப்படுவீங்க” என்றாள். அந்தப் பாவம் என்ற சொல் நேராக வந்து என் மேல் உட்கார்ந்தது. உள்ளே போய்விட்டேன்.

உள்ளே, டிவிக்குப் பக்கத்தில், அந்த நெட் டப்பா பச்சைப் பச்சையாக எரிந்துகொண்டிருக்கிறது, ஒரு குறையும் இல்லாமல். என்ன செய்வது, கொடுக்கும்போது இப்படி ஆகும் என்று யார் கண்டது? எங்கள் கனெக்சன் வருகிற வரைக்கும் ரெண்டு நாளைக்கு மட்டும் பாஸ்வேர்டு சொல்லுங்களேன் என்று கோகிலா கேட்டாள், பிரதீப்பை விட்டுச் சொல்லச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் இல்லை என்று எப்படிச் சொல்லுவது, நாளைக்குக் கறிவேப்பிலைக்கு நான் அவளிடம்தான் போக வேண்டும். ரெண்டு நாள் மாசிக்குப் போய், சித்திரைக்குப் போய், ஆனியும் வந்துவிட்டது. அவர்கள் கனெக்சன் வந்தபாடில்லை. அதுவும் எதற்கு? சாயங்காலமானால் போனை ஒரு கொம்பில் மாட்டி வைத்து லைவில் சேலை விற்கிறாள். வாங்க அக்காஸ், இது பாருங்க அக்காஸ், ஓடற கலரு அக்காஸ் என்று. விற்கட்டும், நல்லா விற்கட்டும், அவள் வீட்டுக்காரன் வேலையில்லாமல் இருக்கிறான், எனக்கு அதில் எரிச்சல் இல்லை. ஆனால் பேத்தி மகிழ் வீடியோவில் வந்தால் பாதிச் சிரிப்பில் நின்றுவிடுகிறாள். வாய் திறந்தபடியே, ஒரு கண் மூடியபடியே, பிள்ளை பொம்மையாட்டம் நிற்கும், நான் இங்கே மகிழு மகிழு என்று கத்திக்கொண்டிருப்பேன். முந்தாநாள் நெட்காரத் தம்பி வந்தபோது நைசாகப் பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொன்னேன். அவன் என் போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து எப்படி மாற்றுவது என்று காட்டிக் கொடுத்தான். டிவிக்குப் புதுசைப் போட்டேன், என் போனுக்குப் போட்டேன், அவர் போனுக்குப் போட்டேன். கோகிலா கேட்டாள். எங்குளுக்கும் வரதில்ல கண்ணு என்றேன். நறுக்கென்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை எனக்கு, அதுதான் விஷயம். எக்ஸ்சேஞ்சில் கலெக்டர் ஆபீஸையே இருங்க என்று அதட்டின வாய், பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும் குழைந்துவிடுகிறது. சரி, அதை விடு. அந்தப் பெண் ஏன் அதைக் கேட்டாள்? பாஸ்வேர்டு மாற்றினீர்களா என்று. மற்றதெல்லாம் விட்டுவிட்டு அதை ஏன் முதலில் கேட்டாள்? தேடிக்கொண்டிருக்கிறது என்றாள். எதைத் தேடுகிறது? மரக்கடைக்காரர் வீட்டு அம்மா ஒருத்தர், சனிக்கிழமை தவறாமல் மெட்ராஸில் பையன் தங்கியிருந்த லாட்ஜுக்கு டிரங்க் கால் புக் பண்ணுவார். அப்படி ஒரு நம்பரே இல்லை என்று அங்கேயிருந்து வரும். அடுத்த சனிக்கிழமை மறுபடி அதே நம்பர். கடைசியில் பார்த்தால் லாட்ஜுக்கு நம்பர் மாறியிருக்கிறது, அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. டிவிக்குச் சொன்னேன், என் போனுக்குச் சொன்னேன், அவர் போனுக்குச் சொன்னேன். அட என் கடவுளே. வாசல் விளக்குக்கு யார் சொன்னது? அது இன்னும் பழைய பாஸ்வேர்டையே சொல்லிக்கொண்டு, கதவைத் தட்டிக்கொண்டு, இரண்டு நாளாக வெளியே நிற்கிறது. நான்தான் பூட்டை மாற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.

அப்படியென்றால் வழி இருக்கிறது. இருக்கிறது ருக்குமணி, பதறாதே. விளக்குக்குப் புதுசைச் சொல்லத்தான் பிரதீப்பின் அனுமதி வேண்டும். பூட்டைப் பழையபடி மாற்ற யாருடைய அனுமதியும் வேண்டாம், பழைய பாஸ்வேர்டையே டப்பாவில் திரும்பப் போட்டுவிட்டால் அதுவாக உள்ளே வந்து, காத்திருக்கிற ஆர்டரை வாங்கிக்கொண்டு எரிந்துவிடும். நெட்காரத் தம்பி காட்டின பக்கத்தைத் திறந்தேன். பழைய பாஸ்வேர்டு. பழைய பாஸ்வேர்டு என்ன? மகிழ் பேர் அதில் உண்டு. பிரதீப் வைத்தது. அவனே எல்லாவற்றிலும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான், நான் ஒரு தடவை கூட அடித்ததில்லை. கோகிலாவுக்குச் சொன்னது கூட அவன்தான், பொங்கலுக்கு வந்திருந்தபோது. மகிழுக்குப் பின்னால் எண் உண்டு. பிறந்த தேதியா? வருஷமா? நடுவில் ஏதோ ஒரு குறி. பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா? ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், டப்பா ஒரு தடவை அணைந்து எழுந்து வர ஒரு யுகம் ஆயிற்று, வாசலுக்கு ஓடினால் தூண்மேல் அதே சிவப்புப் பொட்டு. இன்னொன்று. மறுபடி யுகம், மறுபடி ஓட்டம், மறுபடி பொட்டு. மேற்கே இருந்த சிவப்பு போய்விட்டது. போர்ட்டிகோ பல்பின் வெளிச்சம் செம்பருத்திச் செடியோடு நின்றுவிடுகிறது, கேட் வரைக்கும் எட்டவில்லை, பள்ளத்தின் பலகை எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அப்போதுதான் கவனித்தேன், மைக் நின்றிருந்தது. காற்று திசை மாறியிருக்கும் என்று நின்று கேட்டேன். காற்று அங்கேயிருந்துதான் அடித்தது. பாட்டு இல்லை. செருப்புத் தேடிக்கொண்டிருப்பார்கள். பேசிக்கொண்டிருப்பார்கள். இல்லை, கிளம்பியிருப்பார். பால் சொசைட்டி. டார்ச் எங்கே? டார்ச் அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், விழுவதற்கு அது எவ்வளவோ மேல். ஓடினால் இன்றைக்கு விழமாட்டார். நாளைக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி, அந்த விரல். நாளைக்கும், அதற்கு மறுநாளும், கண் இருக்கிறவரைக்கும். பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? இந்தத் தெருவில், இந்த நேரத்தில், அதை மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஜீவன் மதிலுக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருக்கிறது. அவள் வீட்டு மூன்று போனுக்கும் டிவிக்கும் அவள்தானே அடித்திருப்பாள். கேட்டால் தெரிந்துவிடும். கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும். மானம் போகும் என்று நின்றேன் கொஞ்ச நேரம், எதற்குப் போகிற மானம், போ.

“கோகிலா!”

“என்னங்க்கா?” உடனே வந்தாள், தோளில் துணியோடு.

“நம்ம நெட்டு பாஸ்வேர்டு உனக்கு ஞாபகம் இருக்குதா கண்ணு? பழசு. பிரதீப்பு சொன்னது.”

இருட்டில் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. காற்றில் ஒரு சேலை படபடத்தது. பழசு என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் படிப்படியாக ஏறி வருவது எனக்குக் கேட்டது.

“பழசுன்னா... நீங்க மாத்தீட்டீங்ளாக்கா?”

“ஆமா கண்ணு. முந்தாநாளு மாத்துனேன். வரலைன்னு உன்கிட்டப் பொய் சொன்னேன். அதனாலதான் இந்த லைட்டும் போச்சு. மாமா கும்மிக்குப் போயிருக்கறாரு, வர்ற நேரம், லைட்டு எரியும்னு நம்பிப் போயிருக்கறாரு.” எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. மூச்சு வாங்கியது.

“மாமா தனியாவா போனாரு?” என்றாள். குரலே மாறிவிட்டது. “அட அதச் சொல்லுங்க மொதல்ல! போன எடுங்க, அடிங்க. பெரிய எம்மு. மத்தது பூராச் சின்னது. மகிழ். அப்புறம் அந்தச் சுழிச்சுப் போட்ட ஏ இருக்குதல்லங்க, அது. அப்புறம் ரெண்டு ரெண்டு ஏழு ஏழு. கடைசீல ஒரு புள்ளி. அந்தப் புள்ளிய உட்டுட்டுத்தான் நானே நாலு நாளு லோல்பட்டேன்.”

புள்ளி. கடைசியில் ஒரு புள்ளியாம். செத்தாலும் எனக்கு அது வந்திருக்காது. அடித்தேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன், அவளும் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூடவே சொன்னாள். டப்பா உள்ளே அணைந்தது, கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பச்சைகள் எல்லாம் போய் ஒரு மஞ்சள் மட்டும் நின்றது. எழுந்து வா சாமி. எழுந்து வா. தெருமுனையில் யாரோ பேசுகிறார்கள். யாரோ சிரிக்கிறார்கள், அது அவர் சிரிப்பு, மில் ஆட்களோடு சிரிக்கிற சிரிப்பு, இத்தனை நாளாக வீட்டுக்குள் கேட்காத சிரிப்பு. கூட வந்தவரிடம், “நீங்க போங்க, நான் போய்க்குவேன்” என்கிறார். அங்கேயே நில்லுங்கள் என்று கத்தலாமா? கத்தினால் அதுவும் டார்ச்தான். மஞ்சள் ஒன்று இரண்டாகி, இரண்டும் பச்சையாகி, நான் தூணைத் திரும்பிப் பார்த்தேன், சிவப்புப் பொட்டு இல்லை. இல்லவே இல்லை. ஒரு கணம் எதுவுமே இல்லை. அப்புறம் என் தலைக்கு மேலே, சத்தமே இல்லாமல், இரண்டு தூணும் ஒன்றாக எரிந்தன. பலகை, பள்ளத்தின் விளிம்பு, மண்மேட்டில் முளைத்திருந்த புல், என் கால் விரல்கள், எல்லாம் அப்படியே பளிச்சென்று. “எரிஞ்சுருச்சுங்க்கா!” என்று கோகிலா கத்தினாள், நான் கத்தினேனா என்று தெரியவில்லை. அவள் வீட்டுக்குள் போன்கள் எல்லாம் டிங் டிங் என்று வரிசையாகச் சத்தம் போட ஆரம்பித்தன, இரண்டு நாள் சேதியும் ஒன்றாக வந்து விழுகிறது. “அக்கா, எங்கூட்லயும் வந்துருச்சு” என்றாள், கொஞ்சம் கூச்சமாக. “நான் ஆஃப் பண்ணிக்கட்டுங்ளா?” “எதுக்கு? நீ போய் உன்ற சேலைய வித்துக்க. பேத்தி கூப்புடற நேரத்துக்கு மட்டும் செத்த நிறுத்திக்க.” “அதச் சொன்னா நிறுத்தீட்டுப் போறேன்” என்றாள். அவ்வளவுதான். அவ்வளவேதான், இதற்குப் போய் இரண்டு நாளாக நான் கறிவேப்பிலை இல்லாமல் ரசம் வைத்தேன்.

தெருமுனையில் மஞ்சள் டீ சர்ட். நின்றுகொண்டிருக்கிறார். தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பித் தேடுகிறார், அப்புறம் தலை நின்றது. கிடைத்துவிட்டது. நடக்க ஆரம்பித்தார். கையை முன்னால் நீட்டவில்லை, காலைத் தடவித் தடவி வைக்கவில்லை. மண்மேட்டை ஒட்டி, பள்ளத்தை விட்டு, அந்த ஒற்றைத் தடத்தில், விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் வருகிறார். வாயில் பெயர் தெரியாத தெய்வங்கள் எல்லாம் வருகின்றன. பாதி வழியில் சேற்றில் ஒரு கால் வழுக்கியது, அவர் நின்று, காலை உதறி, மறுபடி விளக்கைப் பார்த்தார். பலகை வந்தது. வலது காலால் ஒரு தரம் தட்டிப் பார்த்து ஏறினார். பலகை கொஞ்சம் ஆடியது. இறங்கி, கேட்டைத் தொட்டார். மேலெல்லாம் வேர்த்திருந்தது, மைதானத்துப் புழுதி வாசனை. நான் என்ன சொல்லுவதென்று தெரியாமல், சாப்பாடு எடுத்து வைக்கட்டுங்களா என்று கேட்கப் போனேன். அதற்குள் அவர் சொன்னார்.

“நாளைக்கு இப்பிடி வாசல்ல வந்து நிக்காத புள்ளே. வாரவன் போறவன் பாத்தா என்ன நெனைப்பான்?”

நாளைக்கு. நாளைக்கு என்கிறார். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். வெளிச்சம் எனக்குப் பின்னால் இருந்தது, என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. அதனால் வாய்விட்டும் சொன்னேன்.

“நிக்க மாட்டேனுங்க.”